கை படக் கூடாத விமானம்

நூல் லாரி வரவில்லை, இந்த வாரம் முழுக்க யாரும் வர வேண்டாம் என்று பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர் சொன்னபோது மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். சம்சாத் பேகத்துக்குத் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கதவைச் சாத்தி, ஃபேனைச் சுழலவிட்டு, சிமெண்ட் தரையில் வெறுமனே கிடக்கலாம். அடுத்த நொடியே வீட்டில் புருஷன் ஹபீப் ரகுமான் இருப்பது நினைவுக்கு வந்தது.

ரம்ஜானுக்கு வந்தவர். புரட்டாசி பிறந்த பிறகும் போகவில்லை.

கல்யாணமான மறு வருஷம் துபாய்க்குப் போனார். அங்கே ஒரு ஹேங்கரில் விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒன்றரை மாதம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். மகள் ஆலியா பிறந்ததும், பள்ளிக்குப் போனதும், இப்போது மதுரையில் நர்சிங் படிப்பதும் அவருக்குப் போனில் வந்த சேதிகள்தான். இந்த வருஷங்களில் சம்சாத், ராஜபாளையம் சம்மந்தபுரத்து ஓட்டு வீட்டை ஒரு ஆளுக்கான வீடாக ஆக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்து குளித்துவிட்டு, தோன்றினால் சமைப்பாள். தோன்றாவிட்டால் காலையில் வைத்த சோற்றில் மோரை ஊற்றிக்கொள்வாள். கேட்க ஆளில்லை.

இப்போது கேட்க ஆள் இருந்தது. அவர் குறை சொல்கிறவர் இல்லை. அதுவே அவளுக்குச் சங்கடம். விடிகாலையில் தொழுதுவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தார், பாத்திரம் கழுவினார். கழுவியதை அவள் வைக்காத இடத்தில் வைத்தார். பகலெல்லாம் வாசல் படியில் உட்கார்ந்து இருமினார். மூன்று மாதமாக, தென்காசி ரோட்டில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வைகுண்டராஜ் பட்டறைக்கு வாரத்தில் சில நாள் போய் வந்தார்.

"மச்சான், எப்பப் போறீங்க?" என்று வாரம் ஒரு முறையாவது சம்சாத் கேட்டாள். சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

"கம்பெனி கூப்பிடும். கூப்பிட்டதும் போவேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து, உடனே மறுபடி இறுகும். தன் புருஷன் ஊருக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற பெண் என்ன பெண் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. கைகால் கழுவாமலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற குன்றில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி இருந்தது. ஏலத்தில் எடுத்த பழைய பயிற்சி விமானம் ஒன்றை அதன் முன்புறத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முன்பு யாரோ அலுமினியத்தின் மேல் நேராக எனாமல் பெயிண்டை அடித்துவிட்டுப் போக, அது வெயிலில் உரிந்து, பாம்புச் சட்டையாகத் தொங்கியது. ஆண்டு விழா வருகிறது, புதிதாக அடித்துக் கொடு என்று வைகுண்டராஜைக் கூப்பிட்டார்கள். வைகுண்டராஜ் ஹபீபைக் கூப்பிட்டார். சில நாளாக அவருக்கு அங்கேதான் வேலை.

"பழைய பெயிண்ட் எல்லாம் உரிச்சாச்சு. இனிமேத்தான் வேலையே இருக்கு. பயலுவ அம்புட்டுப் பேரையும் இன்னைக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாரு வைகுண்டராஜ்" என்றார் ஹபீப். "ஆயுத பூசை வருதுல்ல. பட்டறை வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது. பாய், நீரு மெதுவா ஒத்தையில பாத்துக்கிடும்னுட்டாரு."

"பாத்துக்கிட வேண்டியதுதான?"

"ஒத்தையில ஆகாது சம்சாத்து. தின்னரைத் தொட்டு ஒரு ஆளு துடைச்சிக்கிட்டே போகணும். அது காயறதுக்குள்ள பின்னாலயே இன்னொரு ஆளு உலர்ந்த துணியால ஒத்தி எடுக்கணும். காய விட்டா, கரைஞ்ச எண்ணெய் திரும்பவும் தகட்டுலயே படிஞ்சிரும். துடைச்சதும் துடைக்காததும் ஒண்ணுதான்."

"துணி எது?"

"பனியன் வேஸ்ட்டு. நூலு பிரிஞ்சு பிரிஞ்சு ஒட்டுது."

சம்சாத்துக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க அவள் கையில் புரள்வது பேண்டேஜ் துணி. புண்ணில் வைத்தாலும் ஒரு இழை ஒட்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மடிக்கிற துணி.

"கம்பெனியில கழிச்சுப் போட்ட துணி கிலோக் கணக்குல கிடைக்கும். வாங்கியாறேன். நானும் வாரேன்" என்றாள்.

"நீயா?"

"நான்தான். சீனியக்காளையும் கூட்டியாறேன். அவளும் சும்மாத்தான் கெடக்கா."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தாள். தூங்க நினைத்த வாரம் அது. இந்த வேலை முடிந்தால் அவர் உற்சாகமாகி, துபாய்க்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசி, கிளம்பிவிடுவார் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டதோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் போய் இறங்கினார்கள். கம்பெனியில் சம்சாத்தோடு துணி மடிக்கிற சீனியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. அதைவிடப் பேசாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

"இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஊரு நெறைய நிக்கும்னு நெனச்சேன். நம்ம மினி பஸ்ஸு இதைவிடப் பெருசால்ல இருக்கு அண்ணே" என்றாள் விமானத்தைப் பார்த்ததும்.

இரண்டு பேர் உட்காரும் விமானம். கண்ணாடிக் கூண்டைச் சுற்றித் தாளும் டேப்பும் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் பெயிண்ட் போய், மங்கிய வெள்ளித் தட்டாக வெறுமையாக நின்றது. சம்சாத் இயல்பாகக் கையை நீட்டி இறக்கையைத் தொடப் போனாள்.

"தொடாத!"

ஹபீப் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. கை பின்னுக்குப் போனது.

"கையில எண்ணெய் இருக்கும். கழுவுன கையானாலும் இருக்கும்" என்றார், குரலைத் தணித்து. "தொட்ட இடத்துல, பெயிண்டுக்கு அடியில பூசுற பிரைமர் பிடிக்காது. கொஞ்ச நாள்ல கொப்புளம் விட்டுரும். தகட்டையும் அரிக்கும். இந்தா, கையுறை."

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். பிறகு கரடு குறைவான சிவப்பு நாரால் மெல்லத் தேய்த்தார்கள். சீனியம்மாள் வீட்டிலிருந்து கம்பி நார் கொண்டு வந்திருந்தாள். அதை அவர் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் உள்ளேயே அரிக்க ஆரம்பித்துவிடுமாம். பிறகு தின்னர். சம்சாத் ஈரத் துணியோடு முன்னால் போக, சீனியம்மாள் உலர்ந்த துணியோடு பின்னால் போனாள். துணி கொஞ்சம் கறுத்தாலும் மடிப்பை மாற்ற வேண்டும், எல்லா மடிப்பும் தீர்ந்தால் துணியையே மாற்ற வேண்டும் என்றார். மடிப்பு மாற்றுவதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பார்க்காமலே விரல்கள் செய்தன. ஹபீப் செத்த நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் ஒரு பலகையை எடுத்துப் போட்டு, விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். தலைக்கு மேலே கையைத் தூக்கி, தகடுகளை இணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. கழுத்தில் சொட்டியது. வரிசை வரிசையாக ரிவெட்டுகள். அவர் நிறுத்தவே இல்லை. நடுநடுவே இருமலுக்காக மட்டும் கையை இறக்கினார்.

சம்சாத் குனிந்து பார்த்தாள். அவர் அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் கப்பலளவு விமானம் ஒன்றின் முன்னால் சுத்தமான சட்டையோடு நின்று சிரிப்பார். ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு, கோயில் மதிலுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே போகிற வேலை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அவளுக்கு இறக்கையின் மேல்பக்கத்தைத் துடைத்ததற்கே தோள்பட்டை கழன்று விழுகிறது.

"இதயா மச்சான் அம்புட்டு வருசமும் செஞ்சீங்க?"

தேய்க்கிற கையை இறக்காமலே கீழேயிருந்து சொன்னார்.

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு அரை நாளு போதும். மிச்சம் அம்புட்டும் இதுதான்."

மதியம் ஜும்மா தொழுகைக்காக ஊருக்குள் போய் வந்து, மறுபடி பலகையில் படுத்தார். சாயங்காலம் வேலை முடிந்தபோது விமானம் வெயிலில் தகதகவென்று நின்றது. மறுநாள் காலையில் அமிலத்தால் கழுவி, அதன் மேல் ஒரு மருந்தைப் பூசிக் காயவைத்து, அன்றைக்கே பிரைமரை அடித்துவிட வேண்டும் என்றார் ஹபீப். சுற்றிக் கயிறு கட்டினார். காவல்காரர் சின்னக்கருப்பனிடம் போய், யாரையும் கிட்டே விடாதீர்கள், கை படக் கூடாது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

"நான் பாத்துக்கிடுதேன் பாய். ஒரு ஈ எறும்பு அண்டாது" என்றார் சின்னக்கருப்பன்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அதை ஹபீபும் சம்சாத்தும் யோசிக்கவில்லை. சீனியம்மாள் மட்டும் யோசித்திருப்பாள், ஆனால் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பஸ் நகரவில்லை. ரோடு முழுக்க மஞ்சள் வேட்டிகளும், மொட்டைத் தலைகளும், வேன்களும். இறங்கி நடந்தார்கள். கல்லூரிக் கேட் அகலத் திறந்து கிடந்தது. மைதானத்தில் வேனுக்கு வேன் இடிக்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

விமானத்தைச் சுற்றி ஜனம். கட்டிய கயிறு தரையில் கிடந்தது. இரண்டு பையன்கள் இறக்கையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தன் குழந்தையை இறக்கை மேல் தூக்கி நிறுத்தியிருந்தார். குழந்தை குனிந்து தகட்டில் இரண்டு கையாலும் தாளம் போட்டது. விமானத்தின் மூக்கில் யாரோ சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்கள். வால் பக்கம் ஒரு பெண் புளியோதரைப் பொட்டலத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அலுமினியத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏலே! எறங்குங்கலே! யாரு உங்கள உள்ள விட்டா?" சீனியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்தாள். "ஏட்டி, சோத்துக் கையோட தொடாத!"

ஜனம் கொஞ்சம் விலகியது. பிறகு வேறு ஜனம் வந்தது.

சின்னக்கருப்பன் தூரத்திலிருந்தே கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "ஆபீஸ்ல இருந்தே போன் போட்டுக் கேட்டைத் தொறக்கச் சொல்லிட்டாவ பாய். வேன் நிறுத்த இடம் இல்லையாம். நான் ஒத்த ஆளு. கேட்டைப் பாப்பனா, இதப் பாப்பனா?"

ஹபீப் அவரைத் திட்டவில்லை. விமானத்தை வால் முதல் மூக்கு வரை ஒரு தடவை பார்த்தார். வேப்ப மரத்தடிக்குப் போய் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு ஆள் அவரிடம் வந்து, "இது பறக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "முன்னால பறந்துச்சு. இப்பப் பறக்காது" என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

மதியத்துக்கு மேல்தான் கூட்டம் கலையும் என்றார் சின்னக்கருப்பன். சீனியம்மாள் செருப்பை மாட்டினாள். "வந்தது வந்தாச்சு. சும்மா உக்காந்து என்ன செய்ய? நான் போயிப் பெருமாளை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுதேன். உனக்கும் சேத்துக் கும்பிடுதேன் சம்சாத்து, ஒண்ணும் தப்பில்லையே?"

"நல்லாக் கும்பிடுக்கா" என்றாள் சம்சாத்.

மரத்தடியில் இரண்டு பேரும் இருந்தார்கள். பக்கத்தில் பிரைமர் டின்கள் அட்டைப் பெட்டியோடு இருந்தன. வீட்டில்கூட இப்படிப் பகலில், ஒரு வேலையும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"இந்த டின்னுக்குத்தான வைகுண்டராஜ்கூட அம்புட்டுச் சண்டை போட்டீங்க? அவரு பச்சைதான் கைவசம் இருக்குன்னாரு, நீங்க சாம்பக் கலருதான் வேணும்னு மெட்ராஸ்ல இருந்து வரவச்சீங்க. உள்ள அடிக்கிறது எந்தக் கலரா இருந்தா என்ன?"

"கலருக்காக இல்ல" என்றார். சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டைச் சுற்றித் தோல் தடித்து, வெடித்து, யானைத் தோலாக இருந்தது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சொறி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பச்சையில ஒரு மருந்து கலந்திருக்கும். தகடு அரிக்காம அது காப்பாத்தும். மனுசனத்தான் அரிக்கும். முகமூடி குடுப்பாவ, குடுக்கல்லன்னு சொல்ல மாட்டேன். வெயிலுக்கு மூச்சு முட்டுதுன்னு நாங்கதான் பாதி நேரம் கழத்திருவோம்."

கொஞ்ச நேரம் இருமினார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அந்தப் பச்சைதான் என்னய ஊருக்கு அனுப்பிருச்சு" என்றார் குடித்துவிட்டு.

"லீவுன்னு சொன்னீங்களே?"

"லீவு இல்ல. குழாயில ஊதச் சொல்லி நெஞ்சப் பாப்பாவ. மூணு தடவை ஊதினேன். மூணும் சரியில்ல. இனிமே இந்த ஆளு இந்த வேலைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கணக்க முடிச்சு டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாவ."

வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. அது நின்ற பிறகு அவள் கேட்டாள்.

"ரம்ஜானுக்கு வந்ததுல இருந்து எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வந்து ரெண்டாம் நாளு சொல்லலாம்னு இருந்தேன்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நீ காப்பி கொண்டாந்து வச்சிட்டு, எப்பப் போறீங்கன்னு கேட்ட. பொறவு வாரா வாரம் கேட்ட. நான் என்னத்தச் சொல்ல?"

சம்சாத்துக்கு முகம் சுட்டது. கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இந்த மனிதன் ஆறு மாதமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்திருக்கிறார், பாத்திரம் கழுவியிருக்கிறார். அவள் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் கூப்பிடுவார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார். அப்படிப் பொய் சொல்ல வைத்தது யார்? நான் சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"நீங்க போவணும்னுதான் கேட்டேன் மச்சான். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "உங்கமேல ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு ஆளாவே இருந்து பழகிப் போச்சு. கம்பெனியில இருந்து வந்தா யாரு கூடயும் பேசத் தெம்பு இருக்கதில்ல. நீங்க உக்காந்திருக்கதப் பாத்தா, பேசணுமேன்னு வரும். அதுவே ஒரு வேலையாத் தெரியும்."

அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தாள். அவர் போகவில்லை.

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "அங்க ரூம்ல எட்டுப் பேரு. எவனாவது குறட்டை விடுவான், எவனாவது போன் பேசுவான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இங்க ரெண்டே பேரு. நீ பாத்திரத்தக் கொஞ்சம் சத்தமா வச்சாக்கூட, என்ன தப்புச் செஞ்சோம்னு யோசிப்பேன்."

"நீங்க பாத்திரத்த எடம் மாத்தி வக்கீங்க. அதான் சத்தம்."

"எந்த எடம்னு சொன்னாத்தான தெரியும்?"

இருவருக்குமே சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். களைப்பில் வரவில்லை. அவள் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடியபடியே, "ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார்.

கூட்டம் கலைந்து, சீனியம்மாள் துளசியும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனையோடு திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மறுபடி சோப்புத் தண்ணீரில் ஆரம்பித்தார்கள். சந்தனம் ரிவெட்டுகளின் ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் அதை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தார்கள். இருட்டுவதற்குள் பாதிதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தையும் துடைத்து முடித்ததும், ஹபீப் ஒரு குவளையில் சுத்தத் தண்ணீரை எடுத்து இறக்கையில் ஊற்றினார்.

"தண்ணி கண்ணாடி விரிச்ச மாதிரிப் பரவி நின்னா சுத்தம்னு அர்த்தம். முத்து முத்தா உருண்டு விலகினா எண்ணெய் இன்னும் இருக்கு."

தண்ணீர் பரவியது. இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு வந்ததும் ஓரிடத்தில் மட்டும் விலகிக்கொண்டது. சம்சாத் குனிந்தாள். தண்ணீர் போகாத இடம் ஐந்து சின்ன விரல்களும் ஒரு உள்ளங்கையுமாகத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆத்தி, நேத்துத் தாளம் போட்ட மொட்டைப் பயலு!" என்றாள் சீனியம்மாள்.

ஹபீபுக்குச் சிரிப்பு வந்தது. வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்ததைச் சம்சாத் இப்போதுதான் பார்த்தாள். அவளே துணியை மடித்து, தின்னரைத் தொட்டு, அந்தக் கையைத் துடைத்தாள். ஒரு விரல் மட்டும் போகாமல் நின்றது. மறுபடி துடைத்தாள். அடுத்த தடவை ஊற்றிய தண்ணீர் தடையில்லாமல் ஓடியது.

அமிலத்தை அவரே பூசினார். அவர்கள் தூரத்திலிருந்து ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு மருந்து. பூசிய கொஞ்ச நேரத்தில் விமானம் முழுக்க வெளிறிய தங்க நிறத்துக்கு மாறியது. அதையும் கழுவிக் காயவிட்டார்கள். மலைப் பக்கம் மேகம் திரண்டது. இன்றைக்கு அடிக்காவிட்டால் அமிலத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார். இரண்டு டின்களையும் கலந்து மூடி வைத்தார். அது சேர்ந்து வரக் கொஞ்ச நேரம் ஆக வேண்டும். பழைய முகமூடியைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டினார். மாட்டும்போதே இருமல் வந்து, கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சம்சாத் போனை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அப்பால் போனாள். வைகுண்டராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஆளை அனுப்புங்க, இல்ல நீங்களே வாங்க. இவிய இத அடிக்க மாட்டாவ."

"என்னம்மா இது? பூசை நேரத்துல..."

"நெஞ்சு சரியில்ல அண்ணாச்சி. துபாய்க்காரங்களே இந்த வேலை ஆகாதுன்னுதான் அனுப்பிட்டாவ. நீங்க வரலன்னா நான் ஸ்ப்ரே கன்னைத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு இவியளக் கூட்டிட்டுப் போயிருவேன். நாளைக்கு உங்க வேலை நின்னு போகும்."

திரும்பி வந்தபோது ஹபீப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார்.

"ஏன் அவரக் கூப்பிட்ட? பட்டறையிலயும் வேண்டாம்னு சொல்லிட்டா பொறவு எங்க போவேன்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல மச்சான். தெரிஞ்ச பொறவு நின்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவர் முகமூடியைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். கோபம் இருந்தது. ஆனால் கழற்றிவிட்டார்.

வைகுண்டராஜ் பைக்கில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு ஹபீபைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்ல பாய்? மூணு மாசமா எம் பட்டறையில உப்புத்தாள் தூசிக்குள்ள நிக்கீரு. நாளைக்கு உமக்கு ஒண்ணுன்னா ஊரு என்னயத்தான கேக்கும்?"

"சொன்னா வேலைக்குக் கூப்பிட மாட்டீருன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டிருக்க மாட்டேன்தான்" என்றார் வைகுண்டராஜ். பொய் சொல்ல அவருக்கு நேரமில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு கன்னைக் கையில் எடுத்தார். "எப்படி அடிக்கணும்னு சொல்லும்."

"மெல்லிசா. லாரிக்கு அடிக்கிற மாதிரி மொத்தமா வேண்டாம். அடியில தங்கக் கலரு லேசாத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. செத்த நேரம் விட்டு இன்னொரு கை."

காற்று வரும் பக்கமாக, மரத்துக்கு அப்பால் நின்றுகொண்டு ஹபீப் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். வைகுண்டராஜ் லாரிக்காரர்தான், ஆனாலும் கை நிதானமானது. மூக்கிலிருந்து வால் வரை சாம்பல் படர்ந்தது. மழை மலையோடு நின்றுவிட்டது. இரண்டாவது கை அடித்து முடித்தபோது, வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. அடுப்புச் சாம்பலைக் குழைத்துப் பூசியது போல விமானம் பொலிவே இல்லாமல் நின்றது.

"இதுக்குத்தான் மூணு நாளும் இடுப்பொடிஞ்சோமா? நேத்துச் சந்தனப் பொட்டோட இருந்தப்போ எம்புட்டு லட்சணமா இருந்துச்சு" என்றாள் சீனியம்மாள்.

மேல் பெயிண்டை மறுநாள் பட்டறைப் பையன்கள் வந்து அடித்தார்கள். நீலமும் வெள்ளையும். வாலில் கல்லூரியின் பெயர். ஆண்டு விழாவுக்கு யாரோ பெரிய ஆள் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதாகச் சின்னக்கருப்பன் போனில் சொன்னார். இவர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது. நூல் லாரி வந்து, பேண்டேஜ் கம்பெனியில் விட்ட வேலையையும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருந்தார்கள். வைகுண்டராஜ், ஆயுத பூசை முடியட்டும், தூசி இல்லாத பக்கம், பெயிண்ட் வாங்கி வைக்கிற, கலர் பார்க்கிற வேலை இருந்தால் சொல்கிறேன் என்றார். சொல்வார் என்று ஹபீப் நம்பினார். சம்சாத் பாதி நம்பினாள்.

ஆலியாவுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். அவள் படிக்கிறவள் அல்லவா, என்ன டெஸ்ட், என்ன அளவு என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பதில் தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "நீ திட்டுறதுன்னா அத்தாவ நேர்ல வந்து திட்டு. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சம்சாத்.

அரை நாள் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் பார்க்கும் நாள். விடிந்ததும் போயும் வரிசை நீளமாகத்தான் இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு கிழவர் ஆவி மருந்தை மூக்கில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஹபீப் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு தூக்கத்தில் தலை ஆடியது. சம்சாத்தின் தோளில் வந்து நின்றது. துடைத்துத் துடைத்து வீங்கிய தோள். கனம் ஏறியதும் வலித்தது. அவள் அசையவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஹபீப் ரகுமான்! ஹபீப் ரகுமான் யாரு?" என்று கூப்பிட்டாள்.

அவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். இருமல் இல்லாமல் மூச்சு வந்துகொண்டிருந்தது. சம்சாத் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "நீங்க முன்னால போங்க தாயி" என்றாள். "நாங்க பொறவு போயிக்கிடுதோம்."